ஸ்காகனில் கோடை அந்தி: திறந்தவெளியில் எண்ணெய் வண்ணம் தீட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

டென்மார்க்கின் வடகோடியில், யூட்லாந்து தீபகற்பம் மெல்ல ஒடுங்கி மணல் முனையாகக் கடலுக்குள் முடிந்துவிடும் இடத்தில், ஸ்காகன் என்னும் மீனவ ஊர் இருக்கிறது. எழுத்தைப் பார்த்து நாம் அப்படிப் படித்தாலும், உள்ளூரார் சொல்லும்போது ‘ஸ்கேயன்’ என்பது போலத்தான் காதில் விழும். மேற்கே ஸ்காகராக், கிழக்கே காட்டெகாட் என இரு கடல்கள். கிரேனென் என்ற முனையில் இரண்டின் அலைகளும் எதிரெதிராக வந்து மோதுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். 1870-களில் தொடங்கி ஸ்காண்டினேவிய ஓவியர்கள் கோடைதோறும் இங்கே வந்து தங்கினார்கள். மிக்கேல் அங்கர் 1874-இல் வந்தார். பீதர் செவெரின் க்ரோயர் 1882-இல் வந்தார். அந்த ஊரிலேயே பிறந்த ஆனா அங்கர் அவர்களுக்குச் சற்றும் குறையாத ஓவியராக வளர்ந்தார். அவர்களுடைய படங்களில் பல அதே ஊரில், 1908-இல் நிறுவப்பட்ட ஸ்காகன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வண்ணப்பெட்டியோடு அங்கே போகிறவர் முதல் நாள் பகலை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது. மாலையில் கடற்கரையில் நம் கண் எதைத் தவறவிடும் என்பதை அந்தப் படங்கள் முன்கூட்டியே காட்டிவிடும்.

தமிழ்நாட்டு மாலையில் பழகிய கண்ணுக்கு வடக்கத்திய மாலையின் போக்கு எளிதில் பிடிபடாது. ஸ்காகன் ஏறத்தாழ 57.7 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களில், இரவு 8.35 மணி அளவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 10 பாகை உயரத்தில் நிற்கிறது. அது மறையும்போது மணி 10.20-ஐத் தாண்டிவிடும். அங்கே சூரியன் நேராக இறங்காமல், அடிவானத்தை உரசிக்கொண்டு போவதுபோல் மிகச் சாய்வாக இறங்குவதே இதற்குக் காரணம். சென்னையில் அதே நாளில், சூரியன் மறைந்து சுமார் 23 நிமிடத்தில் அந்தி வெளிச்சம் எந்த அளவுக்குக் குறைகிறதோ, ஸ்காகனில் அந்த அளவுக்குக் குறைய ஏறக்குறைய 73 நிமிடம் பிடிக்கிறது. நள்ளிரவு தாண்டி, சூரியன் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில்கூட அது அடிவானத்துக்குக் கீழே 9 பாகை அளவில்தான் இருக்கும் என்பதால், வடதிசையில் ஒரு வெளுப்பு விடியும்வரை அணைவதே இல்லை. நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த நம் இலக்கண மரபு, கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு, பொழுது சாயும் நேரமான எற்பாட்டை உரியதாக்கியது. ஸ்காகனில் அந்த எற்பாடு ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்கிறது.

நேரம் தாராளமாக இருக்கிறது என்ற இந்த நினைப்புதான் ஓவியரைக் கெடுக்கிறது. நான் முதன்முறை போனபோது எட்டு மணிக்கு ஒரு பெரிய கான்வாஸைத் தொடங்கி, வானத்தை அப்போதைய மஞ்சளிலும், தண்ணீரை ஒன்பதரை மணி ஆரஞ்சிலும், மணல்மேட்டைப் பதினொரு மணி நீலத்திலும் தீட்டி முடித்தேன். விடுதிக்கு வந்து பார்த்தால், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத மூன்று மாலைகள் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தன. ஒளி மெதுவாக மாறுகிறது என்பது உண்மை. ஆனால் அது நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றம் மெதுவானது என்பதாலேயே நமக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே ஒரு மாலைக்கு ஒரு படம் என்று திட்டமிடாமல், ஒரு வேளைக்கு ஒரு சிறு பலகை என்று திட்டமிட வேண்டும். 8.30 முதல் 9.30 வரை ஒன்று, 10.30 முதல் 11.30 வரை ஒன்று; உடம்பில் தெம்பு மிஞ்சினால் நள்ளிரவுக்கு மேல் உள்ளங்கை அளவில் ஒன்று. முடியாத பலகையை மறுநாள் அதே மணிக்கு அதே இடத்துக்கு எடுத்துப்போகலாம். 24-க்கு 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பலகை எதுவும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது.

முதல் மாலையில் வண்ணத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டும் கொண்டுபோய், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரைந்து, வானம், கடல், மணல் ஆகிய மூன்றில் எது மிக வெளிச்சம், எது மிக இருள், எவை இரண்டும் சமம் என்பதை மட்டும் குறித்து, பக்கத்தில் மணியை எழுதவேண்டும். நிறத்தைச் சொற்களில் எழுதிக்கொள்ளலாம்: ‘கடல், கழுவிய சிலேட் நிறம், வானத்தைவிட ஒரு மாற்றுக் குறைவு’ என்பது போல. அந்தக் குறிப்புகளே மறுநாள் பகலில் வண்ணம் கலக்க ஆதாரமாகும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்பவர், அந்தியின் வண்ணங்களைப் பகலிலேயே கலந்து வைத்துவிடுங்கள் என்பதைக் கடைப்பிடிக்கட்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

எந்தக் கரையில் நிற்பது

நடுக்கோடையில் ஸ்காகனில் சூரியன் மேற்கில் மறைவதில்லை. வடமேற்கில், இன்னும் சரியாகச் சொன்னால் வடக்கிலிருந்து சுமார் 40 பாகை மேற்கே தள்ளி மறைகிறது. காம்மெல் ஸ்காகன் என்று அழைக்கப்படும் மேற்குக் குடியிருப்பின் கடற்கரை அந்தத் திசையை நோக்கியிருப்பதால், மாலையில் ஊரே அங்கே திரண்டு சூரியன் மறைவதைப் பார்க்கும். புதியவர்கள் எல்லாரும் படத்தாங்கியை அங்கேதான் நடுகிறார்கள். ஆனால் சூரியனை நேரே பார்த்துத் தீட்டுவது கடினம். கூச்சத்தில் கண்மணி சுருங்கி, நிழலில் இருக்கும் எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரியும். இரண்டு நிமிடம் பார்த்தபின் பலகையின் மீதே பச்சைப் புள்ளிகள் மிதக்கும்.

க்ரோயர் தேர்ந்தெடுத்தது எதிர்க்கரையை. அவருடைய புகழ்பெற்ற 1893-ஆம் ஆண்டுப் படத்தில், ஆனா அங்கரும் க்ரோயரின் மனைவி மாரியும் வெள்ளுடையில் நடந்து செல்லும் கரை, தென்கிழக்கே காட்டெகாட்டை நோக்கியிருக்கும் சோண்டர்ஸ்ட்ராண்ட் என்னும் தென்கரையாகும். அங்கே நிற்பவருக்குச் சூரியன் மறைவது முதுகுப் பக்கம். நேர் எதிரே, கடலுக்கு மேல், பூமியின் நிழலே ஒரு சாம்பல் நீலப் பட்டையாக அடிவானத்திலிருந்து எழும். அதன் மேல் விளிம்பில் ரோஜா நிறத்தில் ஒரு கச்சை ஓடும். நம் ஊரிலும் இது தினமும் நிகழ்வதுதான், ஆனால் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் கலைந்துவிடும். ஸ்காகனில் அரை மணி நேரத்துக்கு மேலும் அது மெல்ல ஏறிக்கொண்டிருப்பதால், கண்டு, யோசித்து, கலந்து, தீட்ட முடிகிறது. பௌர்ணமியை ஒட்டிய நாள் அமைந்தால் இன்னும் நல்லது: சூரியனுக்கு எதிர்த்திசையில் எழும் முழுநிலவு, ஜூனில் அதே தென்கிழக்கில், மிகத் தாழ்வாக, கடலின் மேலேயே தவழும். க்ரோயர் தன்னையும் மனைவியையும் தீட்டிய 1899-ஆம் ஆண்டுப் படத்தில் தண்ணீரில் இறங்கும் நிலவொளிக் கோடு இந்தத் தாழ்ந்த நிலவினுடையது.

எனவே முதல் வேளைக்கு மேற்குக் கரையிலோ ஊருக்குள்ளோ, சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நிற்கவும். மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையிட்ட சிவப்பு ஓடும் கொண்ட வீடுகள் சாய்வெயிலில் நன்றாக அமையும். இரண்டாம் வேளைக்குத் தென்கரைக்குப் போய்விடவும். இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரம் இடம் மாறவும் சாப்பிடவும் போதும்.

கொண்டுபோக வேண்டியவை

காற்றும் மணலும்தான் ஸ்காகனின் நிரந்தரக் குடிமக்கள். ஊருக்கு வெளியே மணலில் புதைந்த பழைய தேவாலயம் ஒன்றின் வெள்ளைக் கோபுரம் மட்டும் இன்றும் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. மணலோடு போராடி அலுத்து 1795-இல் அந்தக் கோயிலைக் கைவிட்டார்கள். ஆகவே உயரமான மூன்றுகால் படத்தாங்கியைவிட, மூடியிலேயே பலகையைப் பொருத்தி, உள்ளே வண்ணத்தட்டு வைத்துக்கொள்ளும் சிறு பெட்டியே இங்கே ஏற்றது. அதைக் கேமரா ஸ்டாண்டின் மீது தாழ்வாகப் பொருத்தி, கால்கள் மணலில் புதையாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டையான மரத்துண்டை வைத்து, நடுத்தண்டில் மணல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட வேண்டும். காற்று கடுமையாக இருந்தால் மணல்மேட்டின் மறைவில் தரையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துத் தீட்டுவதே பத்திரம். மேடுகளைப் பிடித்துவைத்திருப்பது அங்கே வளரும் புல்தான் என்பதால், அதை மிதிக்காமல் நடைபாதை ஓரமாகவே இடம் பிடிக்கவும். குடை வேண்டாம், பாய்மரம் போல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பலகைகளை வீட்டிலேயே தயார் செய்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தரை, அதாவது வெள்ளை அடிப்பூச்சு, அந்தியில் கண்ணைக் கூசவைத்து, அதன் மேல் வைக்கும் எந்த நிறத்தையும் இருட்டாகக் காட்டும். ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, நடுத்தர அடர்த்தியில் ஒரு பூச்சுக் கொடுக்கவும். சூரியன் மறைந்த பின் வரும் நீல வேளைக்கு மங்கிய இளஞ்சிவப்புத் தரையைப் பரிந்துரைக்கிறேன். நீலத் தீற்றல்களின் இடுக்கில் அது எட்டிப்பார்க்கும்போது, தீட்டாமலேயே அந்தியின் வெதுவெதுப்பு வந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது என்பதை இங்கே நினைவூட்டிவிடுகிறேன்.

வண்ணங்களில் ஏழு போதும்: டைட்டானியம் வெள்ளை, இளங்கேட்மியம் மஞ்சள், மஞ்சள் ஓக்கர், அலிசரின் சிவப்பு, பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம். வெள்ளை மற்ற எல்லாவற்றையும்விட மூன்று மடங்கு செலவாகும். கறுப்பு தேவைப்படாது, அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் அந்த அந்தியில் காணும் எந்த இருளையும்விட ஆழமான இருள் கிடைக்கும். தூரிகைகளில், பன்றிமயிர்த் தூரிகை ஆறும், அடிவானத்தைத் தடவி மென்மையாக்க ஒரு பட்டையான மென்மயிர்த் தூரிகையும், ஒரு வண்ணக் கத்தியும் இருந்தால் போதும். ஆறு தூரிகைகள் எதற்கு என்றால், நிறக் குடும்பத்துக்கு ஒன்றாக ஒதுக்கிவிட்டால் இருட்டில் கழுவும் வேலை மிச்சம். இவை தவிர, பழைய பருத்தித் துணி நிறைய, விரல்நுனி திறந்த கையுறை, கம்பளிச் சட்டை. ஜூன் மாதத்திலும் நள்ளிரவில் வெப்பம் 10 டிகிரி வாக்கில் இருக்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது குளிர்.

பகலில் கலப்பது

மறுநாள் பிற்பகலில், ஜன்னலோரத்து நல்ல வெளிச்சத்தில், முந்தைய மாலைக் குறிப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு வண்ணங்களைக் கலக்கத் தொடங்கவும். நீல வேளைக்கு மூன்று வரிசைகள் தேவை. முதலாவது வானத்துக்கு: கோபால்ட் நீலத்தோடு வெள்ளை சேர்த்து, நிறம் பளிச்சிடாமல் இருக்க ஒரு துளி பர்ன்ட் சியன்னா கலந்து, வெளிச்சத்திலிருந்து இருளுக்கு நான்கு குவியல்கள். இரண்டாவது ரோஜாக் கச்சைக்கு: அலிசரின், மஞ்சள் ஓக்கர், வெள்ளை ஆகியவற்றில் இரண்டு குவியல்கள், இவை வான வரிசையின் இரண்டாம் குவியலோடு ஒளியளவில் சமமாக இருக்கவேண்டும். மூன்றாவது மணலுக்கு: ஓக்கர், அல்ட்ராமரின், அலிசரின், வெள்ளை சேர்ந்த ஊதாச் சாம்பலில் மூன்று குவியல்கள். கடலுக்குத் தனியாகக் கலக்கத் தேவையில்லை; வான வரிசையில் ஒரு படி இருண்டதை எடுத்தால் அதுவே கடல்.

ஒளியளவு சமம் என்பதை எப்படிச் சோதிப்பது? இரண்டு குவியல்களையும் கத்தியால் அருகருகே தடவி, கண்ணை இடுக்கிப் பார்க்கவும். நடுவில் உள்ள எல்லைக்கோடு மறைந்தால் சமம். கைபேசியில் படம் எடுத்து நிறத்தை நீக்கிப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளலாம். புகைப்படத்தின் துணையை இழிவாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: க்ரோயரே 1885-இல் ஒரு கேமரா வாங்கி வைத்துக்கொண்டவர்தான்.

கலந்த குவியல்களைத் தட்டில் எப்போதும் ஒரே வரிசையில், வெளிச்சம் இடது, இருள் வலது என்று வைக்கவும். சமையலறையில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, பார்க்காமலேயே கடுகை எடுக்கிறோம் அல்லவா? அதுபோல, பதினொரு மணிக்குக் கண் கைவிட்ட பிறகும் கை சரியான குவியலுக்குப் போகவேண்டும். தட்டை ஒரு தட்டையான டப்பாவில் மூடி எடுத்துப்போனால், அன்று மாலைவரை வண்ணம் கெட்டியாகாது.

சாய்வெயில் வேளை

முதல் பலகையில் நிழல்களே படத்தின் எலும்புக்கூடு. சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு வேலிக்கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். 6 பாகைக்கு இறங்கும்போது ஒன்பதரை மடங்கு. ஆகவே தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் எல்லா நிழல்களின் எல்லையையும் நீர்த்த அல்ட்ராமரினில் வரைந்துவிட்டு, அதற்குப் பிறகு அவை எங்கே நகர்ந்தாலும் துரத்தாமல் இருக்கவேண்டும். வெயில்பட்ட மணலை ஓக்கர், வெள்ளை, இம்மியளவு அலிசரின் கொண்டும், அதன் நிழலை வானத்தின் நீலம் விழுந்த ஊதாவாகவும் தீட்டினால், மஞ்சள் டியூபைத் தொடாமலேயே பொன்னிறம் தோன்றும். கேட்மியம் மஞ்சளைச் சூரியன் நேராகப் படும் புல்நுனிகளுக்கும் சுவர் விளிம்புகளுக்கும் மட்டும் கடைசியில் வைக்கவும்.

பலகையின் மீது வெயில் நேராகப் படக்கூடாது. பட்டால் வண்ணங்கள் எல்லாம் ஒளிர்வதுபோல் தோன்றி, நாம் மேலும் மேலும் இருட்டாகக் கலப்போம். அறைக்குள் கொண்டுவந்தால் படம் மங்கிக் கிடக்கும். பலகையும் வண்ணத்தட்டும் இரண்டுமே நம் உடம்பின் நிழலில் இருக்கும்படி திரும்பி உட்காருவதுதான் எளிய வழி.

நீல வேளை

சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் தென்கரையில் நிழல்கள் எல்லாம் கரைந்துபோகும். இப்போது ஒளி ஒரு திசையிலிருந்து வராமல் வானம் முழுவதிலுமிருந்து இறங்குவதால், பொருள்களுக்கு வெளிச்சப் பக்கம், இருள் பக்கம் என்ற பிரிவே ஏறக்குறைய இல்லை. பழகிய பயிற்சி எல்லாம் இங்கே உதவாது. இந்த வேளையின் படம், மிக நெருங்கிய ஒளியளவுகளை ஒன்றையொன்று விழுங்காமல் அடுத்தடுத்து வைப்பதில் இருக்கிறது. தூய வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் இடையே பத்துப் படிகள் இருப்பதாகக் கொண்டால், வானம், கடல், மணல் மூன்றும் நடுவில் உள்ள மூன்று நான்கு படிகளுக்குள் அடங்கிவிடும். க்ரோயரின் 1893-ஆம் ஆண்டுப் படத்தின் முன் நின்று கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தேடிப்பாருங்கள், கண் தடுமாறும். அந்த இரு பெண்களின் உடையை வெள்ளை என்று நாம் சொல்கிறோம், ஆனால் அதில் நீலமும் சாம்பலும் ஊடுருவியிருக்கின்றன.

வேலையை இந்த முறையில் செய்யலாம். முதலில் அடிவானத்தை ஒரு கோடாக அன்றி, இரண்டு நிறங்கள் தொட்டுக்கொள்ளும் இடமாக முடிவு செய்யவும். அது பலகையில் எந்த உயரத்தில் அமைகிறது என்பதைப் பென்சிலால் ஓரத்தில் மட்டும் குறித்தால் போதும். அடுத்து வானத்தை மேலிருந்து கீழாக, கிடைத் தீற்றல்களில், எண்ணெய் சேர்க்காமல், மெல்லிய பூச்சாக நிரப்பவும். அடிவானத்தை ஒட்டிய பூமிநிழல் பட்டை மேலே உள்ளதைவிடச் சற்று இருண்டதாகவும் சாம்பல் ஏறியதாகவும் இருக்கும். ரோஜாக் கச்சையைத் தனியாகப் பூசாமல், ஈரமான நீலத்துக்குள்ளேயே இரண்டு மூன்று தீற்றல்களாக வைத்து, மேலும் கீழும் இழைத்துவிடவும். அதிகம் இழைத்தால் நீலமும் சிவப்பும் கலந்து கத்திரிப்பூ நிறமாகிவிடும். அப்படி ஆனால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைப்பதே வழி, மேலே மேலே பூசினால் தேறாது.

கடலை வான வரிசையின் அடுத்த படியால் நிரப்பியபின், கரையோரத்தில் ஈரமணல் வானத்தைக் காட்டும் அந்தக் குறுகிய பட்டைக்கு மட்டும் வானத்தின் வெளிச்சக் குவியலைத் தடிமனாக வைக்கவும். படத்திலேயே மிக வெளிச்சமான இடம் பெரும்பாலும் அதுதான். மணல் கடைசியில். அதன் ஊதாச் சாம்பல் பகலில் கலந்தபோது அளவுக்கு மீறிச் சிவந்ததாகத் தோன்றியிருக்கும். மாற்றாமல் அப்படியே வைக்கவும்.

கண் சொல்வதை நம்பலாமா

வெளிச்சம் குறையும்போது கண்ணுக்குள் வேலை செய்யும் செல்கள் மாறுகின்றன. பகலில் நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் மெல்ல ஓய்ந்து, குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. இவை நீலப்பச்சை ஒளிக்கே அதிகம் வசப்படுபவை, சிவப்பை ஏறக்குறைய உணராதவை. அதனால் அந்தியில் சிவப்புப் பூ கறுக்கிறது, அதன் இலை வெளுக்கிறது. செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன இந்த மாற்றத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இயற்கைக் காட்சியில் இது அழகு. வண்ணத்தட்டில் இதுவே ஆபத்து, ஏனென்றால் தட்டில் உள்ள சிவப்பும் அதே கண்ணால்தான் பார்க்கப்படுகிறது. மணல் கறுத்துவிட்டதாக எண்ணிச் சிவப்பை மேலும் மேலும் சேர்ப்போம். மங்கலில் பலகை இருட்டாகத் தெரிவதால் வெள்ளையை அள்ளிப் பூசுவோம். காலையில் பார்த்தால் சுண்ணாம்பில் குங்குமம் விழுந்ததுபோல் இருக்கும். பகலில் கலந்துவைத்த குவியல்களை இரவில் திருத்தாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விளக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால், தலையில் மாட்டும் விளக்கைத் தவிர்க்கவும். ஈர வண்ணத்தில் பளபளப்பு அடிக்கும், நிமிர்ந்து பார்க்கும்போது கடல் காணாமல் போகும். மஞ்சள் விளக்கு இன்னும் மோசம்: அதன்கீழ் வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றாகத் தெரியும், நீலம் செத்துப்போகும். பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்ணிற விளக்கை மிகக் குறைந்த ஒளியில், பலகைக்கும் தட்டுக்கும் சமமாக விழும்படி பெட்டியில் கவ்வவைக்கலாம். காற்று அடங்கிய இரவில் விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். easel என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘ஈசல்’ என்று எழுதிப் படத்தாங்கியைக் குறிப்பிடுவோர், அந்த இரவில் தம் எழுத்துக்கூட்டலின் முழுப் பொருளையும் அனுபவிப்பார்கள்.

நள்ளிரவுக்குப் பிந்திய பலகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மறைந்த சூரியனின் வெளுப்பு வடமேற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஊர் பக்கம் திரும்பி, வீடுகளை ஒரே இருளாகவும் அந்த வெளுப்பை ஒரே பட்டையாகவும் வைத்து, இருபது நிமிடத்தில் முடிக்கவும். ஜூன் 23 இரவு மட்டும் விதிவிலக்கு: புனித ஹான்ஸ் திருநாளின் முந்தைய இரவாகிய அன்று டென்மார்க் முழுவதும் கரையோரங்களில் நெருப்பு மூட்டுவார்கள். க்ரோயர் 1906-இல் முடித்த பெரிய படம் ஸ்காகன் கரையின் அந்த நெருப்பைச் சுற்றி நிற்கும் மக்களைக் காட்டுகிறது. நெருப்பைத் தீட்ட விரும்புவோர் சுடரைக் கடைசியாகவும், அதன் ஒளி விழும் முகங்களை முதலாகவும் வைத்துக்கொள்ளவும்.

மறுநாள் காலையில்

படத்தின் பின்புறம் தேதி, மணி, நோக்கிய திசை மூன்றையும் எழுதி, வெயில் படாத ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கவும். ஒளியளவில் தவறு இருந்தால் குறித்துக்கொண்டு, அன்று மாலை அதே மணிக்கு எடுத்துப்போய்த் திருத்தலாம். நிறத்தில் மட்டும் தவறு இருந்தால் அறையிலேயே திருத்துவது மேல். இரண்டாம் நாள் பூச்சில் எண்ணெய் முதல் நாளைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது; எண்ணெய் குறைந்த அடுக்கு மேலே வந்தால் பின்னாளில் விரிசல் விடும்.

எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை உட்கொண்டு இறுகுகிறது. குளிரில் இது தாமதமாகும். வெள்ளை மிகுந்த அந்தி வானம் தொடும் அளவுக்குக் காய ஒரு வாரம்கூட ஆகலாம். ஆல்கிட் என்னும் செயற்கைப் பிசின் கலந்த ஊடகத்தை வண்ணத்தில் சிறிது சேர்த்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். இதே வேதிவினைதான் எண்ணெய்த் துணியையும் ஆபத்தாக்குகிறது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்துப் போட்டால், உள்ளே சூடு ஏறித் தாமாகவே தீப்பிடிக்கும். வாடகைக்கு எடுக்கும் கோடை வீடுகள் பல மரத்தாலானவை. துணிகளைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வைக்கவும், அல்லது ஒவ்வொன்றாக விரித்து வெளியே உலர்த்தவும். டர்பன்டைனை மணலில் ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. விமானத்தில் டர்பன்டைனையும் மினரல் ஸ்பிரிட்டையும் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கே போய் வாங்கிக்கொண்டு, மிஞ்சியதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரவும்.

ஈரப் பலகைகள் இரண்டை முகத்தோடு முகம் பார்க்கவைத்து, நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை இடைவெளிக்காக வைத்து, ரப்பர் வளையத்தால் கட்டினால் பெட்டியில் பத்திரமாக வரும். வண்ணத்தில் ஒட்டிய மணலையும் பூச்சியையும் ஈரமாக இருக்கும்போது எடுக்க முயன்றால் ஒன்றுக்குப் பத்தாக இழுபடும். முழுதும் காய்ந்தபின் நகத்தால் தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உதிராத மணலை அப்படியே விட்டுவிடுங்கள். அது அந்தக் கரையின் மணல்தான்.